மாம்பா எத்தனை வகை? எங்கெல்லாம் இருக்கிறது?

கேட்டது மூன்று கேள்வி. மாம்பா பாம்பில் எத்தனை வகை உண்டு, அது ஆப்பிரிக்கா முழுக்க இருக்கிறதா, நம் ஊரிலும் பச்சை மாம்பா பிடித்ததாக வீடியோ வருகிறதே, அது உண்மையா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. இந்தியாவிலும் சரி, இலங்கையிலும் சரி, இயற்கையாக வாழும் மாம்பா ஒன்றுகூடக் கிடையாது. அந்த மாதிரி வீடியோக்களில் காட்டுவது பெரும்பாலும் நம் பச்சைப்பாம்புதான், அதாவது ஊரில் கண்கொத்திப் பாம்பு என்று அநியாயமாகப் பெயர் வாங்கியது. மூக்கு ஊசி மாதிரி நீண்டு, கண்மணி குறுக்குவாட்டில் கோடாகக் கிடந்தால் அது பச்சைப்பாம்பு. அதன் விஷம் மனிதனுக்கு ஆபத்தில்லை. மாம்பாவின் கண்மணி வட்டமாக இருக்கும். மலைப்பகுதிகளில் பச்சையாக இன்னொன்றும் உண்டு, மூங்கில் விரியன். முக்கோணத் தலை, குட்டை உடம்பு. அதற்கு விஷம் உண்டு, ஆகவே பெயர் தெரிந்த தைரியத்தில் கிட்டே போக வேண்டாம்.

சரி, மாம்பாவுக்கு வருவோம்.

மொத்தம் நான்கு இனங்கள். கருப்பு மாம்பா, கிழக்குப் பச்சை மாம்பா, மேற்குப் பச்சை மாம்பா, ஜேம்சன் மாம்பா. நான்கும் டென்ட்ரோஆஸ்பிஸ் என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைத்த ஒரே தொகுப்பில், அடங்கும். கிரேக்கத்தில் 'டென்ட்ரோன்' என்றால் மரம், 'ஆஸ்பிஸ்' என்றால் விஷப்பாம்பு. இந்தப் பேரினத்தை 1848இல் உருவாக்கியவர் நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஷ்லெகல். பின்னால் வந்தவர்கள் நடுவிலிருந்த 'ஓ'வைத் தின்றுவிட்டு டென்ட்ராஸ்பிஸ் என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்தப் பிழை பல பத்தாண்டுகள் நூல்களில் ஓடியது. மூல எழுத்துக்கூட்டல் எது என்று 1936இல் ப்ரோங்கர்ஸ்மா என்ற டச்சு ஆய்வாளர் எடுத்துக்காட்டிய பிறகுதான் அது சரியானது. பழைய புத்தகங்களில் வேறு மாதிரி பார்த்தால் குழம்பாதீர்கள்.

குடும்பம் எலாப்பிடே. நம் நல்லபாம்பு, கட்டுவிரியன், பவழப்பாம்பு, கடற்பாம்புகள், ஆஸ்திரேலியாவின் தைப்பான் எல்லாம் இதே குடும்பம்தான். விரியனைப் போல விஷப்பல்லை மடக்கி வைத்திருக்காது, பல் முன்பக்கம் நிலையாக நிற்கும். மாம்பாவுக்கு அது மேல்தாடையின் முன்நுனிக்கே வந்துவிட்டது.

இந்தக் குடும்பத்தில் மாம்பாவுக்கு நெருங்கிய சொந்தம் யார் என்று பார்த்தால் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. பக்கத்திலேயே ஆப்பிரிக்க நாகங்கள் எத்தனையோ இருக்க, மரபணு ஆய்வுகள் ராஜநாகத்தைக் கை காட்டுகின்றன. ராஜநாகம் படமெடுப்பதால் நல்லபாம்புக்கு அண்ணன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அதன் கிளை நல்லபாம்புக் கிளையிலிருந்து வந்ததல்ல, மாம்பாக்களுக்குப் போகும் கிளையிலிருந்து வெகுகாலத்துக்கு முன் பிரிந்தது. ராஜநாகத்தையே 2024இல் நான்கு இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியதற்குக் 'காளிங்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக நமக்கும் மாம்பாவுக்கும் தொடர்பு உண்டு என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், இந்த ஒரு வழியில் மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

இனி நான்கையும் கண்டுபிடித்த கதை. வகைப்பாட்டியல் என்றால் வறட்சியான பட்டியல் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

முதலில் பெயர் பெற்றது ஜேம்சன் மாம்பா, 1843இல். பெயரிட்டவர் தாமஸ் டிரெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்றுப் பேராசிரியர் ராபர்ட் ஜேம்சனைக் கௌரவிக்க அந்தப் பெயரை வைத்தார். வேடிக்கை என்னவென்றால், தன் கையிலிருந்த பாம்பு தென் அமெரிக்காவின் டெமராராவிலிருந்து வந்தது என்று அவர் எழுதினார். டெமராரா இன்றைய கயானாவில் இருக்கிறது. மாம்பாவோ அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனதே இல்லை. சாராய ஜாடியில் மிதந்தபடி கப்பல் மாறிக் கப்பல் ஏறி வந்த பாம்புக்கு அந்தக் காலத்தில் ஊர்ப்பெயர் தப்பிப்போவது சகஜம். பவழப்பாம்புகளின் பேரினமான எலாப்ஸில் வேறு அதைச் சேர்த்திருந்தார்.

அடுத்த வருடமே, 1844இல், அமெரிக்காவின் எட்வர்ட் ஹாலோவெல் மேற்குப் பச்சை மாம்பாவை வர்ணித்தார். அவர் அதை விஷமில்லாத மரப்பாம்புகளின் வரிசையில் வைத்தார். ஒல்லியான உடம்பு, பெரிய கண், பெரிய செதில்கள். பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். 1849இல் ஆண்ட்ரூ ஸ்மித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து கிழக்குப் பச்சை மாம்பாவை எழுதியபோது அதை நல்லபாம்பின் பேரினமான நாஜாவில் சேர்த்தார். ஒருவர் பவழப்பாம்பு என்றார், ஒருவர் சாதுவான மரப்பாம்பு என்றார், ஒருவர் நாகம் என்றார். யானையைத் தடவிப் பார்த்த கதைதான்.

கருப்பு மாம்பா கடைசியில் வந்தது. டேவிட் லிவிங்ஸ்டனின் சாம்பேசி ஆற்றுப் பயணத்தில் கூடப் போன இயற்கையியலாளர் ஜான் கிர்க் சேகரித்தவற்றில் ஒரே ஒரு மாதிரி இருந்தது. அதை வைத்து 1864இல் லண்டனில் ஆல்பர்ட் குந்தர் 'பாலிலெபிஸ்' என்று பெயரிட்டார். பல செதில்கள் கொண்டது என்று அர்த்தம். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமானது என்று பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து வந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

1896இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பூலஞ்சர் கருப்பு மாம்பாவையும் கிழக்குப் பச்சை மாம்பாவையும் ஒன்றாக்கிவிட்டார். பூலஞ்சர் சாதாரண ஆள் இல்லை, அவர் சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் இரண்டும் ஒரே இனம் என்றே இருந்தது. சின்ன வயதில் பச்சை, முதிர்ந்தால் கருப்பு என்று மக்களும் நம்பினார்கள். கேட்க நம்பும்படியாகத்தான் இருக்கிறது. 1946இல் தென்னாப்பிரிக்க ஊர்வனவியலாளர் விவியன் ஃபிட்ஸ்சைமன்ஸ் மறுபடி உட்கார்ந்து எண்ணிப் பார்த்து இரண்டையும் பிரித்தார்.

எதை எண்ணினார்? செதிலைத்தான். உடம்பின் நடுப்பகுதியைச் சுற்றி வரிசைகளை எண்ணினால் கருப்பு மாம்பாவுக்குப் பொதுவாக 23 முதல் 25 இருக்கும். கிழக்குப் பச்சைக்கு 17 முதல் 21 வரைதான். ஜேம்சனுக்கு 15 முதல் 17, மேற்குப் பச்சைக்கு வெறும் 13. குந்தர் 'பல செதில்' என்று வைத்த பெயரிலேயே விடை இருந்தது! அது போக, வாயைத் திறந்தால் சந்தேகமே வராது. பச்சை மாம்பாவின் வாய்க்குள் வெளிறிய நிறம், கருப்பு மாம்பாவுக்கு மசி அப்பியது போலக் கருப்பு. வாயைத் திறக்க வைத்துப் பார்க்கும் நிலைமை உங்களுக்கு வராமல் இருக்கட்டும்.

'கருப்பு' என்ற பெயரே அந்த வாயால் வந்ததுதான். உடம்பு கருப்பு இல்லை. சாம்பல், ஆலிவ், மண்பழுப்பு, வயிறு வெளிறிய நிறம். குட்டிகள் இன்னும் வெளுப்பு. கன்னங்கரேலென்று ஒரு பாம்பைப் படம் போட்டு 'பிளாக் மாம்பா' என்று தலைப்புக் கொடுத்திருந்தால், அது வேறு ஏதோ பாம்பு என்று தைரியமாகச் சொல்லலாம். நிறத்தை வைத்துப் பாம்பை அடையாளம் சொல்வதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. மாம்பா விஷயத்தில் நிறத்தைவிட ஊரும் செடிகொடியும் அதிகம் சொல்லும்.

அந்த ஊர் எது என்று பார்ப்போம்.

மாம்பா இருப்பது சஹாராவுக்குத் தெற்கே மட்டும். ஆப்பிரிக்கா முழுக்க இல்லை. வடக்கே எகிப்து, லிபியா, மொராக்கோ பக்கம் கிடையாது. தெற்கே போகப் போக கேப்டவுன் பக்கமும் கிடையாது. இன்னொரு பெரிய இல்லாமை, மடகாஸ்கர். கண்டத்தின் பக்கத்திலேயே இருக்கும் அவ்வளவு பெரிய தீவில் மாம்பா மட்டுமல்ல, தரையில் வாழும் நாகக் குடும்பப் பாம்பு எதுவுமே இல்லை, விரியனும் இல்லை. அந்தத் தீவு கண்டத்தை விட்டுப் பிரிந்த காலம் அவ்வளவு பழையது. அதே சமயம் சான்சிபார் தீவில் கிழக்குப் பச்சை மாம்பா இருக்கிறது. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது அந்தத் தீவு கண்டத்தோடு ஒட்டிய நிலமாக இருந்தது. அப்போது அங்கே இருந்தவை, கடல் ஏறியதும் அங்கேயே தங்கிவிட்டன. பாம்புக்குத் தோணி தெரியாது, நிலவியல்தான் அதற்கு வழி.

நான்கில் அதிகம் பரந்திருப்பது கருப்பு மாம்பா. எரித்திரியா, எத்தியோப்பியா, சோமாலியாவில் தொடங்கி கென்யா, தான்சானியா, மலாவி, மொசாம்பிக், சாம்பியா, சிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா, அங்கோலா என்று இறங்கி, தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் வரை. அடர்காடு அதற்கு வேண்டாம். புல்வெளி, முள்மரம், பாறைக்குன்று, கறையான் புற்று, இதுதான் அதன் உலகம். பொதுவாக ஆயிரம் மீட்டருக்கு மேல் அவ்வளவாகப் போகாது, ஆனாலும் கென்யா, சாம்பியா பக்கம் சில இடங்களில் அதைத் தாண்டியும் பார்த்திருக்கிறார்கள். வரைபடத்தில் மேற்கே தனியாக ஒரு புள்ளி இருப்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். 1954இலும் 1956இலும் செனகலின் தக்கார் பக்கம் பார்த்ததாக வந்த இரண்டு பதிவுகள் அவை. அதன்பின் உறுதிப்படவில்லை. நான் வரைந்தால் அந்தப் புள்ளியைக் கேள்விக்குறியாகத்தான் போடுவேன்.

பெயரில் 'மரம்' இருந்தாலும் கருப்பு மாம்பா பெரும்பாலும் தரையில்தான் வேட்டையாடும். ஏறத் தெரியாது என்றில்லை, நன்றாகவே ஏறும். பகலில் வெளியே வந்து எலி, பாறை முயல், பறவை என்று தேடிவிட்டு, தொந்தரவு இல்லாவிட்டால் அதே வளைக்குத் திரும்பும். ஒரே புற்றில் நீண்ட காலம் குடியிருக்கும். சாதாரணமாக இரண்டிலிருந்து மூன்று மீட்டர், நான்கைத் தாண்டியவையும் உண்டு. விஷப்பாம்புகளில் இதைவிட நீளமானது ராஜநாகம்தான்.

கிழக்குப் பச்சை மாம்பா இதற்கு நேர்மாறு. மரத்தை விட்டு இறங்க மனமே வராது. கென்யாவின் கடற்கரையில் தொடங்கி தான்சானியா, மொசாம்பிக், தெற்கு மலாவி, கிழக்கு சிம்பாப்வே வழியாக நேட்டால் கடற்கரை வரை ஒரு பச்சை நாடா போல ஓடுகிறது அதன் நிலம். தென்னாப்பிரிக்காவில் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனாலே காணாமல் போய்விடும். வடக்கே மழை அதிகமுள்ள மலைக்காடுகளில் மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். கடற்கரைக் காட்டை வெட்டி மாந்தோப்பும் முந்திரித் தோப்பும் தென்னந்தோப்பும் போட்டால் அங்கேயும் குடியேறிக்கொள்ளும். பாம்புகளில் பலவும் ஓடித் திரிந்து இரை தேடும், இதுவோ கிளையில் இலையோடு இலையாகக் கிடந்து பறவை பக்கத்தில் வரும்வரை காத்திருக்கும். ஒரே மரத்தில் நாள்கணக்காக இருக்கும். அதனால்தான் தோப்பில் அத்தனை பச்சை மாம்பா இருந்தும் தோட்டக்காரர் கண்ணில் ஒன்றும் படுவதில்லை.

ஐம்பது வருடம் ஒன்றாகக் கட்டிப்போட்ட இந்த இரண்டும் ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றன, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம் இதற்கு நல்ல உதாரணம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம் மக்கள் இறங்கிய அதே துறைமுகம். கடலோரக் காட்டுத் துண்டுகளில் பச்சை மாம்பா. நகரத்துக்குள்ளேயே, புதர் மண்டிய பள்ளத்தாக்குகளை ஒட்டிய ரிசர்வாயர் ஹில்ஸ், வெஸ்ட்வில் மாதிரிக் குடியிருப்புகளில் கருப்பு மாம்பா. ரிசர்வாயர் ஹில்ஸ் நெடுங்காலமாக இந்தியர்கள் அதிகம் வாழும் பகுதி. வீட்டுக் கூரைக்குள்ளும் சுவர் இடுக்கிலும் கருப்பு மாம்பா இருப்பதும், பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுவதும் அங்கே வாடிக்கை. குப்பை இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் மாம்பா. உலகத்தில் மாம்பாவோடு நிஜமாகவே பக்கத்து வீட்டுக்காரராக வாழும் தமிழ் வம்சாவளியினர் இவர்கள்தான். வீடியோ போடுகிறவர்கள் அங்கே போய்ப் போட்டால் அர்த்தம் உண்டு.

மேற்கே வந்தால் மழைக்காடு. செனகல், காம்பியா, கினி, சியரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட், கானா வழியாகத் தென்மேற்கு நைஜீரியா வரை மேற்குப் பச்சை மாம்பா. செதில் ஒவ்வொன்றுக்கும் கருப்பு ஓரம் கட்டியிருக்கும், ஆகவே உடம்பில் வலை பின்னியது போல இருக்கும். நான்கில் அழகானது இதுதான் என்பது என் கட்சி.

அதற்குக் கிழக்கே, நைஜீரியா, கேமரூன், காபோன், காங்கோ நாடுகள், வடக்கு அங்கோலா, உகாண்டா, ருவாண்டா, மேற்குக் கென்யா வரை ஜேம்சன் மாம்பா. முன்பாதி பச்சை, பின்னால் போகப் போக மஞ்சளாகும். இதில் மட்டும் இரண்டு துணையினங்கள் சொல்வார்கள். கிழக்கில் இருப்பதற்கு வால் கருப்பு. 1936இல் லவ்ரிட்ஜ் என்ற ஊர்வனவியலாளர் அதற்குக் கைமோசே என்று பெயரிட்டார், கென்யாவின் கைமோசிக் காட்டை வைத்து. காட்டை வெட்டினாலும் மிஞ்சிய மரங்களில் தாக்குப்பிடித்து, ஊரோரத்திலும் தோட்டத்திலும் வாழும் பாம்பு இது.

இந்த இரண்டுக்கும் நடுவே டோகோ, பெனின் பக்கம் ஒரு விசித்திரம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காடு கடற்கரை நெடுக ஒரே பட்டையாக ஓடவில்லை. இந்த இடத்தில் மழை குறைந்து, புல்வெளி கடல்வரை இறங்கிக் காட்டை இரண்டாக வெட்டுகிறது. டஹோமி இடைவெளி என்பார்கள். பெனினின் பழைய பெயர் டஹோமி. காட்டை நம்பி வாழும் எத்தனையோ உயிர்கள் இந்த இடைவெளிக்கு இருபுறமும் வெவ்வேறாக இருக்கின்றன. மாம்பாவிலும் அப்படியே, மேற்குக் காட்டுக்கு ஒன்று, நடு ஆப்பிரிக்கக் காட்டுக்கு ஒன்று என்று ஏறத்தாழ இந்தப் பக்கத்தில்தான் கை மாறுகிறது.

மரபணுவும் இதையே சொல்கிறது. 2016இல் வந்த ஓர் ஆய்வில் நான்கும் இரண்டு ஜோடிகளாகப் பிரிந்தன. மேற்குப் பச்சையும் ஜேம்சனும் ஒரு ஜோடி. கருப்பும் கிழக்குப் பச்சையும் ஒரு ஜோடி. நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் பச்சையெல்லாம் ஒரு பக்கம், கருப்பு தனியாக என்றுதான் யாரும் பிரித்திருப்பார்கள். இனமாக ஒன்றில்லை என்றாலும் நெருங்கிய உறவு என்ற அளவில் பூலஞ்சர் முழுத் தப்பும் செய்யவில்லை, பாவம்.

விஷத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் ஊர் சம்பந்தப்பட்டது. நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகச் செய்யப்பட்டது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுப்பதும் இந்த நான்கின் விஷம்தான். மாம்பாவுக்கு அது உதவாது. மாம்பாவின் விஷத்தில் டென்ட்ரோடாக்சின் என்ற வேறு சரக்கு இருக்கிறது. அது நரம்பில் பொட்டாசியம் போகும் வழியை அடைத்து, நரம்பை ஓயாமல் தூண்டிவிடும். மாம்பாவுக்கான மருந்து தென்னாப்பிரிக்காவில் தயாராகிறது. வேலைக்காகவோ சுற்றுலாவுக்காகவோ ஆப்பிரிக்கா போகிறவர்கள் 'இந்தியாவிலிருந்தே நாலு குப்பி கொண்டுபோகலாமா' என்று கேட்பதுண்டு. அங்கே கட்டுவிரியனும் இல்லை, உங்கள் குப்பிக்கு வேலையும் இல்லை. இதே விஷத்தில்தான் 2012இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் மாம்பால்ஜின் என்ற புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். எலிகளில் மார்ஃபின் அளவுக்கு வலியைக் குறைத்தன.

துரத்தித் துரத்திக் கடிக்கும் என்பது? நம் ஊரில் கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பார்களே, அதே ரகம். கருப்பு மாம்பா வேகமானது, உண்மை. குறுகிய தூரத்தில் மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆனால் அந்த வேகம் பெரும்பாலும் வளைக்குத் தப்பி ஓடுவதற்கு. அதன் வளைக்கும் அதற்கும் நடுவில் நீங்கள் நின்றால் அது உங்களை நோக்கி வருவது போலத்தான் தெரியும். மூலையில் மாட்டினால் மட்டும் தலையை உயரத் தூக்கி, கழுத்தை லேசாக விரித்து, கருத்த வாயைத் திறந்து காட்டும். அப்போது கடித்தால் ஒரு கடியோடு நிற்காது.

கடைசியாகப் பெயர். 'மாம்பா' என்பது சூலு மொழியின் 'இமாம்பா'விலிருந்து வந்தது. சூலு மரபில் இறந்துபோன தலைவர்கள் இமாம்பாவாக வீட்டுக்கு வருவார்கள் என்ற நம்பிக்கை உண்டு. ஆனால் கிழக்குக் கடற்கரையில் கொஞ்சம் மேலே ஏறி சுவாஹிலி பேசும் ஊர்களுக்குப் போனால் 'மாம்பா' என்றால் முதலை. மொம்பாசாவில் 'மாம்பா வில்லேஜ்' என்று பலகை பார்த்துவிட்டுப் பாம்புப் பண்ணை என்று நினைத்து உள்ளே போனால் முதலைகள்தான் வரவேற்கும். ஆற்றில் படகில் போகும்போது படகுக்காரர் 'மாம்பா!' என்று கத்தினால் மேலே கிளையைப் பார்க்காதீர்கள், தண்ணீரில் தொங்கும் கையை முதலில் உள்ளே எடுங்கள்.